மக்கள்தொகை நெருக்கமும் சுற்றுச்சூழல் சீர்கேடும்: வங்கதேசம் தரும் உடல்நலப் பாடங்கள்

அறிமுகம்

ஒரு நிலப்பரப்பில் வாழும் மக்களின் தேவைகள், அந்நிலத்தின் நீரும் மண்ணும் காடும் காற்றும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தை மிஞ்சும் நிலையை மக்கள்தொகை நெருக்கம் என்கிறோம். அதன் விளைவாக இவ்வளங்களின் அளவும் தரமும் குறைவது சுற்றுச்சூழல் சீர்கேடு எனப்படுகிறது. ஆசியாவின் வளரும் நாடுகள் பலவற்றில் இவை இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. இரண்டும் சேர்ந்தே மக்களின் உடல்நலத்தைப் பாதிக்கின்றன.

எனினும், மக்கள் எண்ணிக்கை கூடினால் நோயும் கூடும் என்று இதனைச் சுருக்கிவிட இயலாது. பெருகும் மக்களுக்கு உணவு, குடிநீர், எரிபொருள், வேலை ஆகியவற்றை விரைந்து அளிக்க வேண்டிய கட்டாயம் ஒரு நாட்டுக்கு ஏற்படுகிறது. விரைவில் காணும் தீர்வு ஒரு துன்பத்தை நீக்குகிறது. போதிய சோதனையும் தொடர் கண்காணிப்பும் இல்லாவிடில், அதே தீர்வு பல ஆண்டுகள் கழித்து வேறொரு துன்பத்தைக் கொண்டுவருகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அதிலிருந்து நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை எவை என்பதையும் வங்கதேசத்தின் அரை நூற்றாண்டு அனுபவத்தைக் கொண்டு இப்பக்கம் விளக்குகிறது.

நாடும் மக்களும்

வங்கதேசத்தின் பரப்பளவு ஏறத்தாழ 1.48 இலட்சம் சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியது. 1971-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 7 கோடியாக இருந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அது 16.5 கோடியாக உயர்ந்திருந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100-க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். நகர அரசுகளையும் மிகச் சிறிய தீவு நாடுகளையும் தவிர்த்துப் பார்த்தால், உலகிலேயே மிகுந்த மக்கள் நெருக்கம் கொண்ட நாடு இதுவே.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணால் ஆன நாடு இது. மண் வளமானது, ஆனால் புதிதாக உழவுக்குக் கொண்டுவரக்கூடிய நிலம் ஏறக்குறைய இல்லை. ஆகவே, இருக்கும் நிலத்திலேயே ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் விளைவிக்க வேண்டியதாயிற்று. கோடைக்கால நெல்லுக்கு நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அரிசி விளைச்சல் மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. பெரும் பஞ்சம் மீண்டும் வராமல் காத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதே வேளையில், உணவும் குடிநீரும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் நிலை உருவாயிற்று.

குடிநீர்: ஒரு நோயைத் தடுத்த கிணறு மற்றொரு நோயைத் தந்தது எவ்வாறு?

1970-களுக்கு முன் கிராம மக்களில் பெரும்பாலோர் குளம், ஆறு, திறந்த கிணறு ஆகியவற்றின் நீரையே குடித்துவந்தனர். மக்கள் பெருகப் பெருக, குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் ஒரே குளம் பயன்பட்டது. மனிதக் கழிவும் அதிலேயே கலந்தது. காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் பரவின. அக்காலத்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் 200-க்கும் மேற்பட்டவை ஐந்து வயதை எட்டுமுன் இறந்தன.

இதற்குத் தீர்வாகக் கைப்பம்பு பொருத்திய குழாய்க்கிணறுகள் அமைக்கப்பட்டன. அரசும் யுனிசெஃப் நிறுவனமும் இப்பணியைத் தொடங்கின. செலவு குறைவாக இருந்ததால், பிற்காலத்தில் குடும்பங்கள் தாமே தம் வீட்டு முற்றங்களில் கிணறு அமைத்துக்கொண்டன. நிலத்தடி நீரில் நோய்க்கிருமிகள் குறைவு என்பதால் இது பாதுகாப்பான நீர் எனக் கருதப்பட்டது. கிருமிகளைப் பொறுத்தவரை அக்கருத்து சரியானதே. ஆனால் அந்நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு உள்ளதா எனச் சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை.

ஆர்சனிக்கை அந்நீரில் மனிதர் எவரும் கலக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில், இரும்புத் துகள்களின் மேல் படிந்த நிலையில் அது பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது. மண்ணுக்கடியில் புதைந்த தாவரப் பொருள்களை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது உயிர்வளி தீர்ந்துபோகிறது. அந்நிலையில் இரும்புத் துகள்கள் கரைய, அவற்றின் மேல் படிந்திருந்த ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. ஆழம் குறைந்த இளம் வண்டல் அடுக்குகளிலேயே இது மிகுதி. மலிவான குழாய்க்கிணறுகள் எட்டியதும் அந்த அடுக்குகளையே.

1993-இல் கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பது வங்கதேசத்தில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. 1990-களின் இறுதியில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வில், ஆழம் குறைந்த கிணறுகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அந்நாடு அனுமதித்த அளவான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமை மிஞ்சியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரை இருக்கலாம் என 2000-ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது.

ஆர்சனிக் நஞ்சேற்றத்தின் அறிகுறிகள்

ஆர்சனிக் கலந்த நீருக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. அறிகுறிகள் பொதுவாக ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து குடித்த பின்னரே தோன்றுகின்றன. அவை பின்வருமாறு:

- மார்பு, முதுகு, கைகால்களில் மழைத்துளி சிதறியதுபோன்ற கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் தோன்றுதல்.
- உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் தோல் தடித்து, மரு போன்ற முடிச்சுகள் உண்டாதல். நாளடைவில் அவை வெடித்துப் புண்ணாகலாம்.
- நெடுங்காலப் பாதிப்பாகத் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய், இதய நோய்.
- கருவிலும் இளம் வயதிலும் பாதிப்பு ஏற்பட்டால், குழந்தையின் அறிவு வளர்ச்சியில் குறைபாடு.

இது தொற்றுநோய் அன்று. தொடுவதாலோ உடன் உண்பதாலோ பரவாது. ஆயினும் பல கிராமங்களில் இது தொழுநோய் எனத் தவறாகக் கருதப்பட்டது. தோலில் புள்ளிகள் தோன்றிய பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. மணமானவர்கள் சிலர் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். உடலில் ஏற்பட்ட நோயோடு சமூகப் புறக்கணிப்பும் அவர்கள் மீது சுமத்தப்பட்டது.

நாட்பட்ட பாதிப்பை முற்றிலும் குணப்படுத்தும் தனி மருந்து இல்லை. நஞ்சு கலந்த நீரைக் குடிப்பதை உடனே நிறுத்துவதே முதன்மையான சிகிச்சை. தொடக்க நிலையிலேயே நிறுத்தினால் தோல் மாற்றங்கள் குறையக்கூடும்.

சிவப்பு வண்ணமும் பச்சை வண்ணமும்

2000-க்குப் பின் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. பாதுகாப்பான கிணற்றின் குழாய்முனைக்குப் பச்சை வண்ணமும், பாதுகாப்பற்றதற்குச் சிவப்பு வண்ணமும் பூசப்பட்டன. ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூச நேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் வகையில் அமைந்த இந்த எளிய முறையால் இலட்சக்கணக்கான குடும்பங்கள் அருகிலிருந்த பச்சைக் கிணற்றுக்கு மாறின.

ஆயினும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. சிவப்புக் கிணறு தம் முற்றத்திலும் பச்சைக் கிணறு பிறர் முற்றத்திலும் இருக்கும்போது, நாள்தோறும் பலமுறை அங்கு சென்று நீர் சுமக்கும் பொறுப்பு பெண்கள் மீதே விழுந்தது. வண்ணம் சில ஆண்டுகளில் மங்கிப்போனது. புதிதாக அமைக்கப்பட்ட கிணறுகள் பல சோதிக்கப்படவில்லை. 150 மீட்டருக்கும் ஆழமான கிணறுகள் அங்கு பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆனால் அரசு அமைத்த அத்தகைய கிணறுகள் சில இடங்களில் தேவை மிகுந்தோருக்கு அன்றிச் செல்வாக்கு மிகுந்தோரின் வீட்டருகே அமைக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. இன்றும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அனுமதிக்கப்பட்ட அளவை மிஞ்சிய ஆர்சனிக் கலந்த நீரைக் குடித்துவருகின்றனர்.

கடலோரம்: குடிநீரில் உப்பு

தென்மேற்குக் கடலோரத்தில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. நிலமும் வேலையும் போதாத அப்பகுதியில், 1980-கள் முதல் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு பரவியது. கடல்நீரைத் தடுக்கக் கட்டப்பட்ட கரைகள் இறால் பண்ணைகளுக்காக உடைக்கப்பட்டு, நெல் விளைந்த நிலத்துக்குள் உப்புநீர் விடப்பட்டது. மேல்நிலத்தில் ஆற்று நீர் திசைதிருப்பப்பட்டதால் கோடையில் நன்னீர் வரத்தும் குறைந்தது. கடல்மட்ட உயர்வும் 2009-ஆம் ஆண்டு ஐலா புயலும் நிலைமையை மேலும் மோசமாக்கின. குடிநீர்க் குளங்கள் உப்பாயின.

குல்னா மாவட்டத்தின் தாக்கோப் பகுதியில் கருவுற்ற பெண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு இதன் உடல்நல விளைவைக் காட்டியது. கோடையில் அவர்கள் குடிநீர் வழியாக மட்டுமே, நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவை மிஞ்சிய உப்பை உட்கொண்டனர். கருவுற்ற காலத்து உயர் இரத்த அழுத்தமும் கோடையில் மிகுதியாகக் காணப்பட்டது. இது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய நோய். உணவில் உப்பைக் குறைக்குமாறு கூறும் வழக்கமான அறிவுரை, நீரே உப்பாக இருக்கும் இடத்தில் பயன் தராது.

நகரம்: ஆறும் காற்றும்

கிராமத்தில் நிலம் போதாதபோதும், கரையரிப்பில் வீடு இழந்தபோதும் மக்கள் தலைநகர் டாக்காவை நோக்கி வந்தனர். பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை இப்போது 2 கோடியைக் கடந்துள்ளது. நகரத்தின் பெரும்பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லை. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் புரிகங்கா ஆற்றில் சேர்ந்தன. ஹசாரிபாக் பகுதியிலிருந்த தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியக் கழிவும் அவ்வாற்றிலேயே கலந்தது. 2017-இல் அவ்வாலைகள் சாவர் பகுதிக்கு மாற்றப்பட்டன. அங்கும் சுத்திகரிப்பு வசதி போதாமையால், மாசு தலேஸ்வரி ஆற்றுக்கு இடம்பெயர்ந்தது. ஆற்று நீர் கெட்டதால் நகரம் நிலத்தடி நீரை மேலும் இறைக்கிறது; அதன் மட்டம் ஆண்டுக்கு 2 முதல் 3 மீட்டர் வரை கீழிறங்கிவருகிறது.

வண்டல் நாடாகிய வங்கதேசத்தில் கட்டுமானத்துக்கு ஏற்ற கல் மிகக் குறைவு. வீடுகளுக்கும் சாலைகளுக்கும் செங்கல்லே தேவைப்படுகிறது. வயலின் மேல்மண்ணை வெட்டி எடுத்து, நிலக்கரியால் எரியும் ஆயிரக்கணக்கான சூளைகளில் அது சுடப்படுகிறது. குளிர்காலத்தில் சூளைப் புகையும், வாகனப் புகையும், தெருத் தூசியும் நகரின் மேல் தேங்குகின்றன. டாக்கா காற்றில் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உள்ளது. இந்நுண்துகள்கள் நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்குக் காரணமாகின்றன. கிராமங்களிலோ விறகு, வைக்கோல், சணல் தண்டு, வறட்டி ஆகியவற்றை எரிக்கும் அடுப்புகளின் புகை, சமைக்கும் பெண்களையும் அருகிலிருக்கும் குழந்தைகளையும் பாதிக்கிறது.

பிறப்பு வீதம் குறைந்தது எவ்வாறு?

1970-களின் நடுவில் வங்கதேசத்தில் ஒரு பெண் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றார். இப்போது அது ஏறத்தாழ 2.3 ஆகக் குறைந்துள்ளது. வருமானம் குறைந்த ஒரு நாட்டில் இத்தகைய மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிவது முக்கியமாகும்.

- வீடு தேடி வந்த சேவை: வெளியில் செல்லத் தடைகள் மிகுந்திருந்த பெண்களிடம், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் நேரில் சென்று கருத்தடைச் சாதனங்களையும் அறிவுரைகளையும் வழங்கினர். 1977-இல் மத்லப் பகுதியில் தொடங்கப்பட்ட ஆய்வு, தரமான சேவை தொடர்ந்து கிடைத்தால் பெண்கள் அதனை விரும்பிப் பயன்படுத்துவர் என்பதைக் காட்டியது.
- குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை: வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த நீரைத் தயாரிக்கும் முறை, 1980-களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தடுப்பூசியும் பரவியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு, 1,000-க்கு 200-க்கும் மேல் என்ற நிலையிலிருந்து 40-க்கும் கீழே இறங்கியது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற உறுதி கிடைத்தபின், பெற்றோர் குறைவான குழந்தைகளோடு நிறைவடைந்தனர்.
- பெண் கல்வியும் வருமானமும்: 1990-களில் கிராமப்புற மாணவியருக்கு உயர்நிலைக் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆடைத் தொழில் இலட்சக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை அளித்தது.

கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பணமும் பொருளும் அளித்த முறையும் அந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. வறுமையில் உள்ளோரின் முடிவை அது வளைக்கும் என்பதால் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நிலைத்து நின்ற மாற்றத்துக்கு வலுவான அடித்தளம் பெண்களின் சொந்த விருப்பமே. பிறப்பு வீதம் குறைந்தபோதிலும், இளம் வயதினர் மிகுதியாக இருப்பதால் மக்கள்தொகை இன்னும் சில பத்தாண்டுகள் உயர்ந்தே செல்லும். ஆகவே, நீரையும் காற்றையும் காக்கும் பணியைப் பிறப்பு வீதம் குறையும்வரை ஒத்திவைக்க இயலாது.

பொதுவான தவறான கருத்துகள்

கருத்து: ஏழைகள் மிகுதியாகக் குழந்தை பெறுவதே சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்குக் காரணம்.
உண்மை: வங்கதேசத்தில் ஒருவர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு சராசரியாக ஒரு டன்னுக்கும் குறைவு, உலகச் சராசரி நான்கு டன்னுக்கும் மேல். இறாலும் தோலும் ஆடையும் பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே செல்கின்றன. கழிவு மட்டும் உள்நாட்டில் தங்குகிறது.

கருத்து: தெளிந்த நீர் பாதுகாப்பானது, காய்ச்சினால் எந்த நீரும் பாதுகாப்பானதாகிவிடும்.
உண்மை: காய்ச்சுவதால் கிருமிகள் அழியும். ஆர்சனிக், ஃபுளோரைடு, உப்பு ஆகியவை நீங்கா; நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றே கூடும்.

கருத்து: நிலத்தடி நீரில் நஞ்சு இருந்தால் குளத்து நீருக்குத் திரும்பிவிடலாம்.
உண்மை: சுத்திகரிக்கப்படாத குளத்து நீர் காலரா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை மீண்டும் கொண்டுவரும். சோதித்து உறுதி செய்த நீருக்கே மாற வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நிலத்தடி நீரின் தன்மை இடத்துக்கு இடம் மாறுபடும். வங்கதேசத்தில் ஆழமான கிணறு பெரும்பாலும் பாதுகாப்பானது. தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பாறைப் பகுதிகளிலோ, ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்பு, மூட்டு வலியும் உண்டாயின. அதனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக அங்கு காவிரி நீர் வழங்கப்படுகிறது. எனவே, ஓரிடத்துக்குப் பொருந்தும் விதியை மற்றோரிடத்துக்கு அப்படியே கொள்ள வேண்டாம்.

- உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதற்குமுன் அரசு நீர் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கிருமிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் தனித்தனிச் சோதனைகள் தேவை. ஒருமுறை சோதித்ததோடு நிறுத்தாமல், குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் சோதியுங்கள்.
- உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பு, உடலில் புள்ளிகள், குழந்தைகளின் பற்களில் கறை, நீங்காத மூட்டு வலி ஆகியவை குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் காணப்பட்டால் மருத்துவரை அணுகுங்கள். நீங்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவரிடம் கூறுங்கள்.
- கருவுற்றவர்கள் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். உவர்நீர்ப் பகுதியில் வசிப்பவர்கள் அதனைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.
- விறகு அடுப்பைப் பயன்படுத்த நேர்ந்தால், புகை வெளியேறும் வழி அமைத்து, கைக்குழந்தைகளை அடுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். இயன்றபோது எரிவாயுவுக்கோ மின் அடுப்புக்கோ மாறுங்கள்.
- வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். இன்று அளவிட்டுத் தயாரித்த பொட்டலங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கின்றன.
- எத்தனை குழந்தைகள், எந்த இடைவெளியில் என்பது உங்கள் முடிவு. அதற்கான ஆலோசனையும் கருத்தடைச் சாதனங்களும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து சென்று கேட்டறியலாம்.
- உங்கள் ஊரில் புதிய கிணறோ, நீர்த் திட்டமோ, ஆலையோ வரும்போது, நீர்ச் சோதனை முடிவையும் கழிவு செல்லும் வழியையும் கிராம சபையில் கேளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியது

வங்கதேசக் கிராமங்களில் கிணறு அமைத்தவர்கள் நன்மையையே கருதினர். அக்கிணறுகள் வயிற்றுப்போக்கிலிருந்து பல குழந்தைகளைக் காக்கவும் செய்தன. தொடக்கத்தில் விடுபட்டது ஒரு சோதனை மட்டுமே. அதன் விலையைக் கிணற்று நீரைத் தவிர வேறு நீர் வாங்க வழியற்றவர்கள் இன்றளவும் செலுத்திவருகின்றனர். மக்கள் பெருகும் இடத்தில் விரைவு தவிர்க்க இயலாதது; விரைவோடு சோதனையும் சேர்ந்தாலன்றி அது முழுமையான தீர்வாகாது. உங்கள் வீட்டுக் குடிநீரைச் சோதிப்பதிலிருந்து நீங்கள் அதனைத் தொடங்கலாம்.